குறில், நெடில், எல்இடி: கலர் ஸ்ட்ரிப்புக்கு நாமே ஒரு கன்ட்ரோலர் செய்வோம்



கலர் எல்இடி ஸ்ட்ரிப் பார்க்காத ஆள் நம்ம காலேஜ்ல இருக்க முடியாது. ஹாஸ்டல் ரூம்ல இருக்கு, கல்ச்சுரல்ஸ் மேடையில இருக்கு, ஊர்த் திருவிழா பந்தல்ல இருக்கு, சில பேர் பைக் சீட்டுக்கு அடியில கூட ஒட்டி வச்சிருக்காங்க. அதோட வர்ற குட்டி ரிமோட்டும் எல்லாருக்கும் தெரியும். பத்துப் பதினஞ்சு கலர் பட்டன், ஃபிளாஷ், ஃபேட், அவ்வளவுதான். "நம்ம டான்ஸ் பாட்டுல தவில் வர்ற இடத்துல மட்டும் வெளிச்சம் இடமிருந்து வலமா ஓடணும்"னு கேட்டா அந்த டப்பாவால முடியாது. அதைத் திறந்து மாத்தவும் முடியாது. உள்ளே இருக்குற புரோகிராம் என்னன்னு செஞ்சவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த டப்பாவை நாமே செய்யலாம். அதுக்கு வேணும்கிற எலக்ட்ரானிக்ஸ் ரெண்டாவது வருஷ சிலபஸ் அளவுதான். எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் புரியுற மாதிரி, ஒரு எல்இடிக்குள்ள என்ன நடக்குதுங்கிறதுல ஆரம்பிச்சு, செஞ்சு முடிச்சதை ஜூனியர்ஸ் கையில எப்படிக் கொடுக்கிறதுங்கிறது வரைக்கும் இந்தக் கட்டுரையில சொல்றேன். நடுவுல பவர் சப்ளை பத்தி ஒரு பகுதி வரும். வேற எதை ஸ்கிப் பண்ணாலும் அதை மட்டும் ஸ்கிப் பண்ணிடாதீங்க.

முதல்ல, எந்த ஸ்ட்ரிப்?

கடையில "ஆர்ஜிபி ஸ்ட்ரிப்"னு கேட்டா ரெண்டு வேற வேற பொருளைக் காட்டுவாங்க. பின்பக்கம் வெட்டுற கோட்டுக்கிட்ட எத்தனை செப்புப் பட்டைகள் இருக்குன்னு எண்ணிப் பாருங்க.

நாலு இருந்தா அது சாதாரண ஸ்ட்ரிப். பெரும்பாலும் 12 வோல்ட். ஒண்ணு பவர், மத்த மூணும் சிவப்பு, பச்சை, நீலம். ஸ்ட்ரிப் முழுக்க ஒரே நேரத்துல ஒரே கலர்தான் வரும். மூணு மாஸ்ஃபெட் வச்சு பல்ஸ் விட்த் மாடுலேஷன் பண்ணா கன்ட்ரோல் முடிஞ்சது.

மூணு இருந்தா அது அட்ரஸபிள் ஸ்ட்ரிப். 5 வோல்ட், டேட்டா, கிரவுண்ட். இதுல ஒவ்வொரு எல்இடியையும் தனித்தனியா வேற வேற கலர்ல எரிய வைக்கலாம். நாம செய்யப் போறது இதுக்குத்தான். ரொம்பப் பரவலா கிடைக்கிற வகை டபிள்யூஎஸ்2812பி. ஸ்ட்ரிப் மேல சின்னதா ஒரு அம்புக்குறி இருக்கும். டேட்டா அந்தத் திசையில மட்டும்தான் போகும், தலைகீழா கனெக்ட் பண்ணா எதுவுமே எரியாது.

12 வோல்ட்ல ஓடுற அட்ரஸபிள் ஸ்ட்ரிப்பும் உண்டு. அதுல சில வகைகள்ல மூணு மூணு எல்இடி சேர்ந்து ஒரே கலர் காட்டும். வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுக்கோங்க.

ஒரு எல்இடிக்குள்ள என்ன இருக்கு?

அந்த 5 மில்லிமீட்டர் சதுரத்தை மொபைல் கேமராவில ஜூம் பண்ணிப் பாருங்க. சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு குட்டி எல்இடியும், பக்கத்துல கறுப்பா ஒரு சிப்பும் தெரியும். கலரை முடிவு பண்றது அந்தச் சிப்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 நிலை. மூணையும் பெருக்கினா 1,67,77,216 கலர். இதுல நீலத்தைக் கொண்டுவரத்தான் உலகம் ரொம்ப நாள் காத்திருந்தது. நல்லா எரியுற நீல எல்இடியைச் சாத்தியமாக்கின அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014-ல இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தாங்க. நீலம் இல்லாம வெள்ளை இல்லை.

ஒரு நிறத்துக்கு 8 பிட், மூணு நிறத்துக்கு 24 பிட். இந்த 24 பிட்டும் ஒரே ஒரு டேட்டா வயர்ல வருது. அப்போ 150 எல்இடி இருந்தா எது யாருக்குன்னு எப்படித் தெரியும்? அட்ரஸபிள்னு பேர் இருந்தாலும் எந்தச் சிப்புக்கும் அட்ரஸ் கிடையாது!

கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. வரிசையா உட்கார்ந்திருக்கோம். முதல் ஆள்கிட்ட ஒரு கட்டு இலை கொடுக்கிறாங்க. அவர் மேல இருக்குற ஒரு இலையை எடுத்துக்கிட்டு மிச்சக் கட்டைப் பக்கத்து ஆளுக்குக் கொடுக்கிறார். அவரும் ஒண்ணு எடுத்துக்கிட்டு நகர்த்துறார். யாரும் பேர் சொல்லிக் கூப்பிடலை, ஆனாலும் எல்லாருக்கும் இலை வந்துடுது. ஸ்ட்ரிப்பும் அதே மாதிரிதான். முதல் சிப் முதல் 24 பிட்டை வச்சுக்கும், அடுத்து வர்றதை எல்லாம் அடுத்த சிப்புக்கு அனுப்பும். அனுப்பும்போது சிக்னலோட வடிவத்தைச் சுத்தம் பண்ணி அனுப்பும். அதனாலதான் நூத்தி ஐம்பதாவது எல்இடிக்கும் டேட்டா கெடாம போய்ச் சேருது.

இதுலயே ஒரு பலவீனமும் இருக்கு. நடுவுல ஒரு சிப் போயிடுச்சுன்னா அதுக்கு அப்புறம் இருக்குற யாருக்கும் டேட்டா வராது. ஸ்ட்ரிப் பாதியில நின்னா, கடைசியா ஒழுங்கா எரியுற எல்இடியையும் அதுக்கு அடுத்ததையும் செக் பண்ணுங்க. பழுது பெரும்பாலும் அந்த ரெண்டுக்கு நடுவுலதான் இருக்கும்.

0-வும் 1-ம் எப்படி அனுப்புறது?

கிளாக் வயர் கிடையாது. இருக்கிறது ஒரே வயர். எனவே 0-வையும் 1-ஐயும் நேரத்தை வச்சுத்தான் பிரிச்சாகணும். ஒவ்வொரு பிட்டும் 1.25 மைக்ரோ செகண்ட். வயர் முதல்ல ஹைக்குப் போகும், அப்புறம் லோவுக்கு வரும். 0.4 மைக்ரோ செகண்ட் ஹையில இருந்தா அது 0. 0.8 மைக்ரோ செகண்ட் இருந்தா அது 1.

எட்டாங்கிளாஸ் தமிழ் ஞாபகம் இருக்கா? குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு மாத்திரை. இங்கேயும் அதே கணக்குதான். குறில் 0, நெடில் 1. கேட்கிற சிப், சத்தம் எவ்வளவு நேரம் நீண்டதுன்னு மட்டும் பார்க்குது. டேட்டாஷீட்படி 0.15 மைக்ரோ செகண்ட் முன்னப்பின்ன இருந்தா தாங்கும். அதுக்கு மேல இழுத்தா குறில் நெடிலாயிடும், கலர் மாறிடும்.

எல்லாம் அனுப்பி முடிச்சதும் வயரைக் கொஞ்ச நேரம் லோவுல வச்சிருக்கணும். அதைப் பார்த்துத்தான் எல்லாச் சிப்பும் "சரி, முடிஞ்சது"ன்னு வாங்கின கலரைக் காட்டும். பழைய டேட்டாஷீட்ல இது 50 மைக்ரோ செகண்டுக்கு மேல, புதுசா வர்ற சிப்புகளுக்கு 280-க்கு மேல. 300 வச்சா ரெண்டுக்கும் ஓகே.

இன்னொரு விஷயம். 24 பிட்ல முதல்ல வர்றது சிவப்பு கிடையாது. பச்சை, சிவப்பு, நீலம், இதுதான் டபிள்யூஎஸ்2812பி-யோட வரிசை. சிவப்பு கேட்டா பச்சை எரியுதுன்னா ஸ்ட்ரிப்பைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீங்க, புரோகிராம்ல கலர் வரிசையை மாத்தினா போதும்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ஒரு எல்இடிக்கு 24 பிட், அதாவது 30 மைக்ரோ செகண்ட். 150 எல்இடிக்கு 4.5 மில்லி செகண்ட். 300-க்கு 9. ஆயிரம் எல்இடியை ஒரே வயர்ல போட்டா 30 மில்லி செகண்ட், அதாவது நொடிக்கு அதிகபட்சம் 33 ஃபிரேம்தான் கிடைக்கும். பெரிய மேடைன்னா ஒரே நீள ஸ்ட்ரிப்பா போடாம ரெண்டு மூணு டேட்டா பின்னுக்குப் பிரிச்சுப் போடுறது இதுக்காகத்தான்.

எந்த மைக்ரோகன்ட்ரோலர்?

நம்ம லேப்ல எல்லாருக்கும் பழக்கமானது அர்டுயினோ ஊனோ. அது 16 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது. 1.25 மைக்ரோ செகண்டுக்கு 20 கிளாக் சைக்கிள்தான் கிடைக்கும். அதுக்குள்ள ஒரு பிட்டை எடுத்து, 0-வா 1-ஆனு பார்த்து, பின்னை மேல ஏத்தி, சரியான நேரத்துல இறக்கணும். முடியும். ஆனா லைப்ரரி அந்த நேரத்துல இன்டரப்ட் எல்லாத்தையும் நிறுத்தி வச்சிடும். 300 எல்இடின்னா 9 மில்லி செகண்டுக்கு அது காதைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அப்போ ரிமோட் பட்டன் அமுக்கினா சிக்னல் தொலைஞ்சிடும், சீரியல்ல வர்ற எழுத்துகள் விட்டுப்போகும். ரேம் வேற 2 கிலோபைட்தான். ஒரு எல்இடிக்கு 3 பைட் வீதம் 300 எல்இடிக்கு 900 பைட், கிட்டத்தட்ட பாதி காலி.

இஎஸ்பி32 இந்தச் சிக்கலை வேற மாதிரி தீர்க்குது. ரிமோட் கன்ட்ரோல் சிக்னல் அனுப்புறதுக்குன்னே அதுக்குள்ள தனியா ஒரு ஹார்ட்வேர் பகுதி இருக்கு. "இவ்வளவு நேரம் ஹை, இவ்வளவு நேரம் லோ"ன்னு ஒரு பட்டியல் கொடுத்துட்டா அதுவே பின்னை ஆட்டிக்கும், பிராசஸர் வேற வேலை பார்க்கலாம். கூடவே வைஃபை, புளூடூத், 520 கிலோபைட் ரேம். ராஸ்பெர்ரி பை பிகோவும் நல்ல சாய்ஸ். அதுல இருக்குற புரோகிராம் பண்ணக்கூடிய இன்புட் அவுட்புட் பிளாக், இந்த மாதிரி டைமிங் வேலைக்குன்னே செஞ்சது.

போன்ல இருந்து கன்ட்ரோல் பண்ணணும்னா இஎஸ்பி32 எடுத்துக்கோங்க. காலேஜ் வைஃபையில லாகின் பேஜ் வரும், போர்டால அதைத் தாண்ட முடியாது. கவலை வேண்டாம், இஎஸ்பி32 தானே ஒரு வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டா மாறிக்கும். போன்ல அதைக் கனெக்ட் பண்ணிட்டு பிரவுசர்ல 192.168.4.1 அடிச்சா, நீங்க எழுதின பேஜ் வரும். பாஸ்வேர்ட் கண்டிப்பா வையுங்க. இல்லேன்னா ஷோ நடக்கும்போது ஆடியன்ஸ்ல ஒருத்தன் விளையாடிடுவான்.

பவர்: இங்கே கவனமா படிங்க

டபிள்யூஎஸ்2812பி-ல ஒவ்வொரு நிறமும் முழு வெளிச்சத்துல சுமார் 20 மில்லி ஆம்பியர் எடுக்கும்னு வச்சுக் கணக்குப் போடணும். மூணும் சேர்ந்தா, அதாவது முழு வெள்ளையில, 60 மில்லி ஆம்பியர். புது வகைகள் சில இதைவிடக் கம்மியா எடுக்கும், ஆனா டிசைன் பண்ணும்போது பெரிய எண்ணையே எடுத்துக்கோங்க.

மீட்டருக்கு 30 எல்இடி, 5 மீட்டர் ரோல். மொத்தம் 150.

150 பெருக்கல் 60 மில்லி ஆம்பியர் = 9 ஆம்பியர்.
9 ஆம்பியர் பெருக்கல் 5 வோல்ட் = 45 வாட்.

ஒன்பது ஆம்பியர் சின்ன விஷயமில்லை. லேப்டாப்போட சாதாரண யூஎஸ்பி போர்ட் அரை ஆம்பியர் தரும், அதாவது 8 எல்இடி. 2 ஆம்பியர் போன் சார்ஜர்ல 33 எல்இடி. 150-க்கு 5 வோல்ட் எஸ்எம்பிஎஸ் வாங்கணும், அதையும் 80 சதவீதத்துக்கு மேல ஓட்டாம இருக்கணும்னா 12 ஆம்பியர் மாடல். பட்ஜெட் இடிக்குதா? புரோகிராம்லயே வெளிச்சத்துக்கு ஒரு வரம்பு போட்டுடலாம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எல்லா எண்களையும் கூட்டி, எவ்வளவு கரன்ட் இழுக்கும்னு மதிப்பிட்டு, வரம்பைத் தாண்டினா எல்லாத்தையும் அதே விகிதத்துல குறைச்சுடணும். ரெயின்போ மாதிரி எஃபெக்ட்ல எப்படியும் முழு வெள்ளைக்கு ஆகுறதுல சுமார் பாதி கரன்ட்தான் ஆகும். ஆனா இந்த மதிப்பீட்டை மட்டும் நம்பி ஃபியூஸ் போடாம இருக்காதீங்க. புரோகிராம் ஹேங் ஆகலாம், ஃபியூஸ் ஹேங் ஆகாது.

இப்போ முக்கியமான கணக்கு. ஸ்ட்ரிப்புக்குப் போற ஒரு ஜாயின்ட் லூஸா இருக்குன்னு வையுங்க. அதோட ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம்தான். மல்டிமீட்டர்ல பார்த்தா கிட்டத்தட்ட ஜீரோன்னே காட்டும். அதுல 9 ஆம்பியர் ஓடினா, கரன்டோட வர்க்கம் பெருக்கல் ரெசிஸ்டன்ஸ், 81 பெருக்கல் 0.1, மொத்தம் 8.1 வாட். நம்ம லேப் சோல்டரிங் அயர்ன் 25 வாட். அதுல மூணுல ஒரு பங்கு சூடு, ஒரு கடுகு சைஸ் இடத்துல, மணிக்கணக்கா. அதுக்குப் பக்கத்துல என்ன இருக்கு? மேடையில தெர்மாகோல், ஃப்ளெக்ஸ், சாட்டின் துணி. "5 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது"ன்னு சொல்றது சரிதான். ஷாக் அடிக்காது, ஆனா தீப்பிடிக்கும்.

அதனால இந்த விதிகள்:

ஸ்ட்ரிப்போட கரன்டை பிரெட்போர்டு வழியாவோ இஎஸ்பி32-வோட 5 வோல்ட் பின் வழியாவோ கொண்டு போகாதீங்க. எஸ்எம்பிஎஸ்ல இருந்து நேரா ஸ்ட்ரிப்புக்குத் தடிச்ச வயர். கன்ட்ரோலருக்குத் தனியா ஒரு மெல்லிசு வயர் போதும்.

வயரை முறுக்கி டேப் ஒட்டுறது ஜாயின்ட் இல்லை. சோல்டர் பண்ணி ஸ்லீவ் போடுங்க, இல்லேன்னா ஸ்குரூ டெர்மினல்.

ஸ்ட்ரிப்போட ரெண்டு முனையிலயும் பவர் கொடுங்க. ஸ்ட்ரிப்ல இருக்குற செம்பு ரொம்ப மெல்லிசு, முதல் மீட்டர்ல எல்லாருக்கும் வேண்டிய கரன்ட்டும் ஓடும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தா கடைசி முனையில வோல்டேஜ் குறைஞ்சு வெள்ளை செந்நிறமா மாறும். காரணம், சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்லயே எரிஞ்சிடும், பச்சைக்கும் நீலத்துக்கும் சுமார் 3 வேணும். முதல்ல களைச்சுப் போறது அவங்கதான்.

எஸ்எம்பிஎஸ்க்கு உள்ளே வர்றது 230 வோல்ட். டெர்மினலை மூடாம மேடையில வைக்காதீங்க. எர்த் வயரைக் கண்டிப்பா கொடுங்க. இந்தப் பக்க கனெக்ஷன் பழக்கம் இல்லேன்னா லேப் அசிஸ்டென்ட் அண்ணாவைக் கூப்பிடுங்க, அவர் பத்து நிமிஷத்துல போட்டுக் கொடுத்துடுவார்.

டேபிள் மேல ஓடுது, மேடையில ஓடலையா?

இந்தக் கேள்வி அடிக்கடி வரும். டபிள்யூஎஸ்2812பி ஹைன்னு ஒத்துக்க, பவர் வோல்டேஜ்ல 0.7 பங்கு வேணும். 5 வோல்ட்ல ஓட்டினா 3.5 வோல்ட். இஎஸ்பி32 தர்றது 3.3. டேட்டாஷீட்படி இது பத்தாது. ஆனா டேபிள் மேல, குட்டி வயர்ல, பல சமயம் ஓடிடும். அதே செட்டப்பை மேடையில 2 மீட்டர் வயரோட வச்சா கண்டபடி மின்னும்.

தீர்வு ஒரு சின்ன ஐசி: 74ஏஹெச்சிடி125 அல்லது 74ஹெச்சிடி245. பேர்ல அந்த "டி" ரொம்ப முக்கியம். டி இருக்குற வகை 2 வோல்டையே ஹைன்னு எடுத்துக்கிட்டு 5 வோல்ட்டா வெளியே கொடுக்கும். டி இல்லாத 74ஹெச்சி வகைக்கு 5 வோல்ட்ல மறுபடியும் 3.5 வோல்ட் வேணும், வாங்கினது வீண். சென்சார்களுக்காக விக்கிற மாஸ்ஃபெட் வச்ச லெவல் ஷிஃப்டர் போர்டும் இந்த வேகத்துக்குத் தாங்காது. 125-ல எனேபிள் பின்னை கிரவுண்டோட சேர்க்கணும், பயன்படுத்தாத இன்புட்டுகளையும் கிரவுண்ட் பண்ணிடுங்க.

ஐசி கிடைக்கலைன்னா ஒரு நாட்டு வைத்தியம் இருக்கு. முதல் எல்இடியை மட்டும் தனியா வெட்டி, அதுக்கு ஒரு சாதாரண சிலிக்கன் டயோடு வழியா பவர் கொடுங்க. அதுக்குக் கிடைக்கிறது சுமார் 4.3 வோல்ட். 0.7 பங்கு சுமார் 3 வோல்ட்தான், இஎஸ்பி32-வோட 3.3 போதும். அந்த எல்இடி சிக்னலைச் சுத்தம் பண்ணி அடுத்ததுக்குக் கொடுத்துடும்.

கூடவே டேட்டா வயர்ல, ஸ்ட்ரிப்புக்குப் பக்கத்துல, 300 முதல் 500 ஓமுக்குள்ள ஒரு ரெசிஸ்டர். பவர் வயர்கள் நடுவுல 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 6.3 வோல்ட் அல்லது அதுக்கு மேல, பிளஸ் மைனஸ் பார்த்து. கன்ட்ரோலர் கிரவுண்டும் ஸ்ட்ரிப் கிரவுண்டும் கட்டாயம் ஒண்ணா சேர்ந்திருக்கணும். இது விட்டுப்போனா டேட்டாவுக்குத் திரும்பி வர வழியே இருக்காது.

புரோகிராம் எழுதுற முறை

கோடு முழுசையும் இங்கே கொட்டப் போறதில்லை. அமைப்பைப் புரிஞ்சுக்கிட்டா நீங்களே எழுதிடுவீங்க. மூணு பகுதியா பிரிங்க.

ஒண்ணு, கேன்வாஸ். 150 எல்இடிக்கு 150 கலர் வச்சிருக்கிற ஒரு அரே. எஃபெக்ட் எல்லாம் இந்த அரேல மட்டும்தான் எழுதணும்.

ரெண்டு, எஃபெக்ட். நேரத்தை வாங்கிக்கிட்டு கேன்வாஸை நிரப்புற ஒரு ஃபங்ஷன். இதுக்குள்ள டிலே போடாதீங்க. டிலே ஓடுற நேரம் முழுக்க போர்டு தூங்கும், பட்டனும் வைஃபையும் காத்துக் கிடக்கும். அதுக்குப் பதிலா "இப்போ மணி என்ன? இந்த நேரத்துல புள்ளி எங்கே இருக்கணும்?"னு ஒவ்வொரு தடவையும் கேளுங்க.

மூணு, அனுப்புறது. கேன்வாஸை வயர் வழியா தள்ளுறது. இதை லைப்ரரி பார்த்துக்கும்.

உதாரணத்துக்கு ஒரு நெருப்பு எஃபெக்ட். ஃபாஸ்ட்எல்இடி லைப்ரரியில மார்க் கிரீக்ஸ்மேன் எழுதின ஃபயர்2012-னு ஒண்ணு வருது. கலரை மறந்துட்டு, ஒவ்வொரு எல்இடிக்கும் ஒரு சூடு எண் மட்டும் வையுங்க. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எல்லா இடத்தையும் கொஞ்சம் ஆற விடுங்க. கீழே இருக்குற சூட்டைக் கொஞ்சம் மேலே நகர்த்திப் பரப்புங்க. அடியில அப்பப்போ ரேண்டமா ஒரு பொறி போடுங்க. கடைசியா சூட்டைக் கலரா மாத்துங்க: கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை. அவ்வளவுதான். 60 எல்இடியைச் செங்குத்தா நிறுத்தி இதை ஓட்டினா கார்த்திகை சொக்கப்பனை மாதிரியே இருக்கும்.

கலரைப் பத்தி ஒரு டிப். நம்ம கண்ணுக்கு 128 பாதி வெளிச்சமா தெரியாது, ரொம்ப அதிகமாத் தெரியும். காரணம் கண்ணோட உணர்வு நேர்கோட்டுல இல்லை. காமா கரெக்ஷன்னு ஒரு டேபிள் போட்டு எண்ணை மாத்திடணும். காமா 2.2-ன்னா 128 வந்த இடத்துல 56 அனுப்பணும். இதைச் சேர்த்ததும் ஃபேட் எஃபெக்ட் திடீர்னு புரொஃபஷனலா தெரியும்.

சோதிக்கும்போது இந்த வரிசையில போங்க. ஸ்ட்ரிப் இல்லாம எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் தருதானு பாருங்க. அப்புறம் 8 எல்இடி மட்டும் கனெக்ட் பண்ணி ஒரே ஒரு புள்ளியை ஓட விடுங்க. சிவப்பு, பச்சை, நீலம் சரியா வருதானு பாருங்க. பிறகு முழு ஸ்ட்ரிப், குறைஞ்ச வெளிச்சத்துல. கடைசியா முழு வெள்ளை 10 நிமிஷம் ஓட்டிட்டு, பவரை ஆஃப் பண்ணிட்டு, 5 வோல்ட் பக்கத்து ஜாயின்ட் ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாருங்க. சுட்டா மறுபடியும் சோல்டர்.

ஓப்பன் சோர்ஸ்: கடைசி ஸ்குரூ

எங்க டிபார்ட்மென்ட் ஷெல்ஃப்ல பழைய பேட்ச் செஞ்ச போர்டுகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கு. அழகா செஞ்சிருக்காங்க. ஒண்ணையும் ஓட்ட முடியலை. கோடு யாரோ ஒருத்தரோட பழைய லேப்டாப்ல இருந்திருக்கும், எந்தப் பின்னுக்கு எதுன்னு யாரும் எழுதி வைக்கலை. நாலு பேர் ஒரு செமஸ்டர் போட்ட உழைப்பு, அவங்க கான்வகேஷனோட சேர்ந்து கேம்பஸை விட்டுப் போயிடுச்சு. வருஷா வருஷம் அதே மேடைக்கு அதே வேலையை முதல்ல இருந்து செய்றோம், இல்லேன்னா காசு கொடுத்து வெளியே இருந்து டப்பா வாங்குறோம்.

இதுக்கு நேர்மாறான உதாரணம் ஃபாஸ்ட்எல்இடி. அதை ஆரம்பிச்சவர் டேனியல் கார்சியா. 2019 செப்டம்பர்ல கலிஃபோர்னியா கடற்கரைக்கிட்ட கன்செப்ஷன்ங்கிற படகு தீப்பிடிச்ச விபத்துல அவர் இறந்துட்டார். ஆனா கோடு எம்ஐடி லைசென்ஸ்ல திறந்து கிடந்தது. மத்தவங்க எடுத்து நடத்துறாங்க, இன்னைக்கும் புதுப் போர்டுகளுக்கு சப்போர்ட் வந்துக்கிட்டே இருக்கு. நீங்க இன்ஸ்டால் பண்ற லைப்ரரி இருக்குறதே அதனாலதான்.

கிறிஸ்டியன் ஷ்வின்னே ஆரம்பிச்ச டபிள்யூ-எல்இடியும் அப்படித்தான். இஎஸ்பி32-ல ஏத்தினா போன்ல ஸ்லைடர், நூத்துக்கும் மேல எஃபெக்ட், கரன்ட் வரம்பு எல்லாம் ரெடியா கிடைக்கும். "அப்போ நாம ஏன் எழுதணும்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ரூம்ல மாட்ட டபிள்யூ-எல்இடியே போடுங்க. ஆனா ஒரு தடவை நீங்களே எழுதினா, அந்த கோடைத் திறக்கும்போது ஒவ்வொரு வரியும் எதுக்குன்னு புரியும், உங்க எஃபெக்ட்டை அதுல சேர்க்கவும் முடியும். வைவாவுல "இந்த ரெசிஸ்டர் எதுக்கு?"னு எக்ஸ்டர்னல் கேட்டா ரெடிமேட் புராஜெக்ட் வாங்கினவன் முழிப்பான். நீங்க முழிக்க மாட்டீங்க.

கிட்ஹப்ல போட்டுட்டா ஓப்பன் சோர்ஸ் ஆயிடாது. லைசென்ஸ் ஃபைல் இல்லேன்னா சட்டப்படி எல்லா உரிமையும் உங்ககிட்டயே இருக்கும், ஜூனியர் அதை எடுத்து மாத்த முறைப்படி அனுமதி இல்லை. எம்ஐடி லைசென்ஸ் போட்டா, காப்பிரைட் வரியை வச்சுக்கிட்டு யாரும் எதுவும் செய்யலாம். ஜிபிஎல் போட்டா, மாத்தி மத்தவங்களுக்குக் கொடுக்கிறவங்க சோர்ஸையும் அதே லைசென்ஸ்ல கொடுக்கணும். சர்க்யூட் டிசைனுக்குன்னு செர்ன் உருவாக்கின ஓப்பன் ஹார்ட்வேர் லைசென்ஸ் இருக்கு. போர்டு வரைய கிகாட் இலவசம், அதுவும் ஓப்பன் சோர்ஸ்.

ரெபோவுல இதெல்லாம் இருக்கணும்: கோடு, எந்த லைப்ரரி எந்த வெர்ஷன், சர்க்யூட் படம், பின் நம்பர்கள், பார்ட்ஸ் லிஸ்ட், பவர் கணக்கு, ஃபியூஸ் ரேட்டிங், வயரிங்கோட தெளிவான போட்டோ ஒண்ணு. ரீட்மீயைத் தமிழ்லயே எழுதுங்க, தப்பில்லை. எழுதி முடிச்சதும் இதைச் செய்யாத ஒரு ஃப்ரெண்டுகிட்ட பார்ட்ஸைக் கொடுத்து, ரீட்மீயை மட்டும் பார்த்துச் செய்யச் சொல்லுங்க. அவன் எங்கெல்லாம் உங்களுக்குப் போன் பண்றானோ அங்கெல்லாம் ஒரு வரி விட்டுப்போயிருக்குன்னு அர்த்தம்.

இந்த வாரம் 8 எல்இடியும் ஒரு போர்டும் வாங்கி ஒரு புள்ளியை ஓட விடுங்க. ஓடினதும் ரெபோ லிங்க்கை நம்ம மேகசின் குரூப்ல போடுங்க. பெட்டர் எஃபெக்ட் எழுதுறவங்களோடதை அடுத்த கல்ச்சுரல்ஸ் மேடையில ஓட்டச் சொல்லி கமிட்டிகிட்ட நானே பேசுறேன். நாங்க ஃபைனல் இயர், இன்னும் சில மாசத்துல கிளம்பிடுவோம். ஸ்ட்ரிப்பும் எஸ்எம்பிஎஸ்ஸும் ஷெல்ஃப்ல இருக்கும், கோடு ரெபோவுல இருக்கும். தாராளமா எடுத்து மாத்துங்க.